மூன்று நாள் மாத்திரை

“ஒங்கம்மாவக் குளிப்பாட்ட நீர்மாலைக்குப் போகணும், குடம் எங்கட்டி?” என்று சித்தி உமாராணி மூன்றாம் முறை கேட்டாள். ஜெயப்பிரியாவுக்குக் காதில் விழவில்லை. அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு அறையாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் மாத்திரையும் அப்படியே இருந்தது.

டப்பாவை மூடினாள். அடுப்படிக்குப் போய், போன காரியம் மறந்து திரும்பினாள். மறுபடி திறந்து பார்த்தாள்.

ஜெயப்பிரியாவைப் பெற்றபோது மாரித்தாய்க்கு ரத்தம் நிற்காமல் போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆனால் பால் சுரக்கவில்லை. மாதவிலக்கும் திரும்பவில்லை. பருத்தி எடுக்கப் போனால் கால்வாசி நிரைக்குள் கரிசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுப்பாள். புருஷன் சுடலைராஜ் ‘சோம்பேறி’ என்றார். பசுவந்தனை ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. இருபத்துநாலு வருஷம்.

போன வருஷம் மயங்கி விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிரசவத்தில் ரத்தம் இழந்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டரம்மா ஒருவர் வந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள்.

“மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு, பிட்யூட்டரின்னு. இந்தப் பொண்ணு பொறந்த அன்னைக்கே அது ரத்த ஓட்டமில்லாம கெட்டுப்போச்சு. உங்களுக்கு இருக்கிறது வியாதிம்மா, சோம்பல் இல்ல.”

அம்மா அழவில்லை. “அத எழுதிக் குடுங்கம்மா” என்று மட்டும் கேட்டாள். அந்தத் தாளைத் தெருவில் நான்கு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் உளுந்தங்காட்டில் பொழுதடையும்வரை நின்றாள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா கொடுத்த அட்டையில் இருந்தது. அதை அப்பாவுக்குப் படித்துக்காட்டிவிட்டுத்தான் ஜெயப்பிரியா புதியம்புத்தூர் தையல் கம்பெனி வேலைக்குப் போனாள். நேற்று மாலை கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே அம்மா அடங்கிவிட்டாள்.

பந்தலில் சுடலைராஜ் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தார். ஜெயப்பிரியா பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏம்ப்பா குடுக்கல?”

“காய்ச்சல் கொதிக்கிறப்போ சூட்டு மாத்திர எதுக்குன்னு... எறங்கட்டும்னு நாந்தான்...”

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். படிச்சுக் காட்டுனேனே என்று தொண்டைவரை வந்தது. “குடம் கேட்டாவ” என்றுவிட்டு உள்ளே போனாள்.

பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜெயப்பிரியா தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்தாள். பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா போய்ட்டாவ டாக்டர்.”

“காய்ச்சலாம்மா?”

“ஆமா. மூணு நாளு.”

“மாத்திரை?”

“மூணு நாளும் உள்ள போகல.”

“கஷ்டமா இருந்தா இப்ப வேண்டாம்மா. ஆனா இத ஆராய்ச்சியில சேர்த்தா, அடுத்த பொம்பளைக்கு நாங்க இன்னும் அழுத்திச் சொல்லலாம்.”

“எழுதிக்கோங்க. காய்ச்சல்ல நிறுத்துனதாலதான் போனாவன்னு எழுதுங்க.” குரலைத் தாழ்த்தினாள். “யாரு நிறுத்துனாங்கிறது மட்டும் வேண்டாம், டாக்டர்.”

திரும்பினாள். சுடுகாட்டிலிருந்து மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்ட சுடலைராஜ், ஈர வேட்டியோடு வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அவள் வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு அவர் காலில் ஊற்றினாள். விரலிடுக்கில் இருந்த கரிசல் கரைந்து ஓடியது. கால் சுத்தமாகிவிட்டது. அவர் நகரவில்லை.

இன்னொரு செம்பு மொண்டு ஊற்றினாள்.