இடது குதிகால்

மின்விசிறிக் காற்றில் போர்வை மறுபடியும் விலகிவிட்டது. தம்பி எழுந்து போய் அண்ணனின் பாதங்களை மூடினார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. விசிறியை நிறுத்தினால் தீர்ந்தது, ஆனால் வந்திருக்கும் சனம் வெந்துபோகும். அறுபத்திரண்டு வயதாகியும் அந்த வீட்டில் அவருக்குப் பெயர் தம்பிதான். போர்வை விலகக்கூடப் பொறுக்கவில்லை, என்ன பாசம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பாசமாவது ஒன்றாவது. அந்த இடது குதிகாலை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் ஆலையின் ஹாக்கி அணிக்கு கோல்கீப்பர். பட்டப்பெயர் சுவர். எந்த அணி வந்தாலும் சுவரில் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான், ஒரே ஒருவனைத் தவிர. தபால் துறை அணிக்கு பெனால்டி கார்னர் அடிக்கிறவன் அவன். வட்டத்தின் விளிம்பில் அவன் வந்து நின்றாலே கூட்டம் "சார், தபால்" என்று கூவும். அடுத்த நொடி பந்து வலைக்குள் கிடக்கும். விலாசம் தப்பவே தப்பாது. அவன் பெயரே தபால் என்று நிலைத்துவிட்டது.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதல் மூன்று ஆட்டங்களில் தபாலும் சுவரில் முட்டினவன்தான். அப்புறம் பெரிய அணிக்கான தேர்வுப் பட்டியல் வந்தது. அதில் அண்ணன் பெயர் இருந்தது, தம்பி பெயர் இல்லை. தம்பியும் அதே ஆலை அணிதான், ஃபுல்பேக். கார்னர் என்றால் அண்ணனுக்குப் பக்கத்தில் கோல் கோட்டிலேயே நிற்கிறவர். அன்று சாயங்காலம் டீக்கடையில் வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தவரிடம் தபால் வந்து ஆறுதலாக நாலு வார்த்தை பேசினான். வாய் சும்மா இருந்ததா?

"எங்கண்ணனோட இடது குதிகாலைப் பாரு. அது லேசா எழும்புச்சுன்னா வலது பக்கம் பாயப் போறான்னு அர்த்தம். எழும்பலைன்னா இடது பக்கம்."

டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் தேர்வாளர்களின் கண்ணெதிரில் மூன்று கோல். பட்டியலில் அண்ணன் பெயரை அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தபால் அடித்த கார்னர் ஒன்றைக்கூட அண்ணனால் தடுக்க முடியவில்லை. ஆட்டத்தை விட்ட பிறகும் அது அவரை விடவில்லை. சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு திடீரென்று கேட்பார்: "பக்கத்துல நின்னவன்டா நீ. நான் எங்கடா தப்பு பண்ணேன்?"

"உன் மேல தப்பில்ல. அவன் ராசி அப்படி."

முப்பத்தெட்டு வருடம் இதே கேள்வி, இதே பதில். நேற்று ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டும் கேட்டார். இந்தத் தடவை சொல்லிவிடத்தான் தம்பி குனிந்தார். அதற்குள் நர்ஸ் வந்து முகமூடியைச் சரிசெய்தாள். தம்பிக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. விடியும்போது அண்ணன் இல்லை.

பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினவர் தபால். முடி கொட்டி, ஆள் பாதியாகியிருந்தார்.  தம்பி செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேச்சு மட்டும் அண்ணி காதுல விழ வேணாம்."

தபால் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நானா எடுக்க மாட்டேன்" என்றார்.

உள்ளே வந்து கட்டிலருகே வெகுநேரம் நின்றார். அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்பவே சொன்னாரு, அவன் வராம இருக்க மாட்டான், வந்தா ஒண்ணு கேளுன்னு. எல்லாரையும் தடுத்த மனுசன், உங்கள மட்டும் ஏன் முடியல? எதப் பாத்து அடிச்சீங்க?"

 தபால் தம்பியைப் பார்த்தார். கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ராசிதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

அண்ணி குனிந்து அண்ணனின் காதருகே சொன்னார்: "கேட்டீங்களா? ராசியாம். நம்ம தம்பி சொன்னதுதான் சரி."

 தம்பிக்குத் தப்பித்தோம் என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. கால்மாட்டில் போர்வை மறுபடியும் விலகிக் கிடந்தது. இந்தத் தடவை அவர் அதை மூடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த இடது குதிகாலைக் கையால் பிடித்துக்கொண்டார். அது சில்லென்று இருந்தது.

"அண்ணி, ராசி இல்ல. இதப் பாத்துத்தான் அடிச்சாரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

 தபால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

அண்ணி எழுந்து கால்மாட்டுக்கு வந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்து இரண்டு பாதங்களையும் மூடினார். இனிமேல் காற்றுக்கு விலகாதபடி அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினார். தம்பியின் கை உள்ளேயே இருந்தது.