அப்பா கையில் வெளிச்சம்

காபிக் கடையின் வெளிமேசையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியைப் பறித்துக்கொண்டு ஓடினாள் இலின்கா. காற்றில் அணைந்துவிடக்கூடாதென்று உள்ளங்கையைக் குவித்து மறைத்தபடி ஓடியவளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. கை சுடவேயில்லை. திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு பொத்தான். பிளாஸ்டிக் திரியின் உச்சியில் பொட்டு போல ஒரு பல்பு, நெருப்பு மாதிரியே நடுங்கிக்கொண்டிருந்தது.

குளத்தங்கரைப் பெஞ்சில் அப்பா தொவாதெர் சரிந்து கிடந்தார். அவர் தலையை மடியில் தாங்கியிருந்த அம்மா வர்வாரா கையை நீட்டினாள்.

“கொண்டா சீக்கிரம்.”

“இது பேட்டரிம்மா. நெருப்பில்ல.”

அம்மா வாங்கிப் பார்த்தாள். “மெழுகுவர்த்தியிலயுமாடி பொய் பண்ணுவாங்க இந்த ஊர்ல?” புல்லில் வீசினாள்.

அவர்கள் ருமேனியாவின் மலைப்பக்கத்துக்காரர்கள். அங்கே உயிர் பிரிகிற நேரத்தில் கையில் எரிகிற மெழுகுவர்த்தி இருந்தாகவேண்டும். வெளிச்சம் இல்லாமல் போனவன் அந்தப் பக்கத்தில் இருட்டைத் தடவிக்கொண்டே நிற்பான். ஆள் படுத்துவிட்டால் வீட்டில் மாற்றி மாற்றி ஒருவர் தீப்பெட்டியோடு காவல் இருப்பார்கள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்த தன் தம்பிக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை என்று, குடிக்கும்போதெல்லாம் அப்பா அழுவார்.

ஊர் சுற்றிப் பார்க்கத்தான் வந்தார்கள். இலின்கா ஜெர்மனியில் ஒரு சலவைக்கூடத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறாள். முதல் தடவையாக அவளைப் பார்க்க வந்த அப்பா அம்மாவை, ஞாயிற்றுக்கிழமைதானே என்று இந்த வெந்நீர் ஊற்று ஊருக்கு ரயிலில் கூட்டிவந்தாள். காலையில் ஊற்று மண்டபத்தில், உடம்புக்கு நல்லதென்று எல்லாரும் குடிக்கிற அந்தத் தண்ணீரை ஆளுக்கொரு கிளாஸ் பிடித்தார்கள். குடித்துக்கொண்டே மெதுவாக நடக்கவேண்டும், அதுதான் இங்கே வழக்கம். அப்பா ஒரு மடக்கு குடித்ததும் முகம் கோணியது.

“துருப்பிடிச்ச ஆணிய அவிச்ச தண்ணி. இதக் குடிச்சா செத்தவனே எந்திரிச்சுத் திட்டுவான்.”

“கத்தாதய்யா, எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் அம்மா.

“பாக்கட்டும். மெதுவா நடக்குறதுக்குன்னே ஒரு ஊரு! நாம மெதுவா நடந்தா மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிருவான்.”

காலமெல்லாம் கொத்தனார் வேலை பார்த்த அவர் கை சும்மா இருக்காது. மண்டபத்துத் தூணைத் தட்டிப் பார்த்தது, பூங்காவின் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தது. கடையில் உட்கார்ந்தபோது கேக்கில் பாதியை அம்மா பக்கம் தள்ளிவிட்டார். அப்புறம் குளத்து வாத்துகளைப் பார்க்கவேண்டுமென்று பெஞ்சுக்கு வந்தவர் இடது தோளைப் பிசைந்தார். “கொஞ்சம் இருந்துட்டுப் போலாம்,” என்றார். அப்படியே பெஞ்சில் சரிந்தார்.

கடைக்காரப் பெண் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாள். ஆனால் நெருப்புக்கு யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை, மற்ற கடைகளெல்லாம் பூட்டு. இலின்கா மறுபடி ஓடி, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் மறித்தாள். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே விலகிப் போனார். ஒரு வயதான ஜெர்மன்காரி மட்டும் நின்றாள். அவள் பையிலிருந்து பூக்கள் எட்டிப் பார்த்தன.

“என்னம்மா வேணும்?”

“எங்கப்பா சாகப்போறார். ஒரு மெழுகுவர்த்தி வேணும்.”

ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பூவுக்கடியில் கைவிட்டு, கல்லறையில் ஏற்றுகிற மெழுகை எடுத்தாள். சிவப்புக் கூட்டுக்குள் வெள்ளையாக இருந்தது.

“என் வீட்டுக்காரருக்குக் கொண்டுபோறது. பரவால்ல, அவருக்கு என்ன அவசரம்?”

பெஞ்சருகே வந்து அவளே தீக்குச்சி உரசி ஏற்றினாள். அம்மா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அந்தக் கூட்டைப் பிடிக்கவைத்து, மேலே தன் கையைப் பொத்திக்கொண்டாள். மரம் அறுப்பதுபோல அவருக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் விறைத்திருந்த அம்மாவின் தோள் அப்போதுதான் தளர்ந்தது.

“இருக்குய்யா, கையில இருக்கு. பயப்படாத.”

ஆம்புலன்ஸ் புல்வெளி மேலேயே ஏறி வந்து நின்றது. டாக்டரம்மாவும் இரண்டு ஆட்களும் சிலிண்டரோடு குதித்து ஓடிவந்தார்கள். மூக்கில் வைக்கிற மூடியைக் கையில் எடுத்த டாக்டர் சுடரைப் பார்த்ததும் கத்தினாள்.

“தீயை அணைங்க! ஆக்சிஜன்!”

“அணைக்கணுமாம், அம்மா,” என்று ஜெர்மன் தெரியாத அம்மாவிடம் சொன்னாள் இலின்கா.

“மாட்டேன்.”

“ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு ஆகாதும்மா. பத்திக்கும்.”

“பொழைப்பாரான்னு கேளு. பொழைப்பாருன்னா நானே ஊதி அணைக்கிறேன். இல்லன்னா என் கைய வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு.”

இலின்கா கேட்டாள். டாக்டர் நிமிரக்கூட இல்லை. “முடிஞ்சதச் செய்வோம். இப்ப எதுவும் சொல்ல முடியாது. மொதல்ல தீயை அணைங்க!”

அம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னடி சொல்றா?”

அப்பாவின் உதடுகள் நீலம் பாரித்துவிட்டன.

“பொழைச்சுடுவாராம்,” என்றாள் இலின்கா.

அம்மா ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து ஊதினாள். புகை அப்பாவின் முகத்தின் மேலே போய்க் கலைந்தது.

அவரைத் தரையில் கிடத்தினார்கள். சட்டையைக் கத்தரித்தார்கள். மூச்சு நின்றதும் ஒருவன் நெஞ்சை அமுக்கத் தொடங்கினான். அமுக்க அமுக்க, காய்ப்புப் பிடித்த அந்தக் கை புல்லில் துள்ளித் துள்ளி விழுந்தது. அந்தப் பக்கம் மெதுவாக நடந்து வந்தவர்கள் கிளாஸும் கையுமாக நின்றுவிட்டார்கள். அணைந்த மெழுகை வயிற்றோடு அணைத்தபடி அம்மா அந்த ஜெர்மன்காரியிடம் தன் பாஷையில் சொல்லிக்கொண்டேயிருந்தாள்: “பொழைச்சுடுவாராம். டாக்டரே சொல்லிட்டா. பொழைச்சுடுவாராம்.” அவளும் என்னவென்று தெரியாமலே தலையாட்டினாள்.

ஆள் மாற்றி ஆள் நெடுநேரம் அமுக்கினார்கள். கடைசியில் டாக்டர் எழுந்து கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னாள். சிலிண்டரின் திருகை மூடினார்கள். சீறல் நின்றது.

“அவ அப்படியா சொன்னா?” என்று கேட்டாள் அம்மா.

இலின்கா புல்லைப் பார்த்தாள்.

சிவப்புக் கூட்டின் விளிம்பில் படிந்த கரியைச் சட்டைக் கையால் துடைத்தாள் அம்மா. இரண்டு கையாலும் அதை ஜெர்மன்காரியிடம் நீட்டினாள்.

“கொண்டுபோகச் சொல்லு. அவ புருஷனுக்காவது எரியட்டும்.”

நீட்டியதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் இலின்காவைப் பார்த்தாள். அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். இலின்கா சொல்லட்டும் என்று இருவரும் காத்து நின்றார்கள்.