வீட்டோடு வந்த பூஞ்சை

தக்காளிக்காரரின் மனைவி அந்தக் கோடையிலிருந்து தினமும் உச்சிவேளையில் வாடினாள். காலையில் நன்றாகத்தான் இருப்பாள். பாத்திரம் கழுவுவாள், வானொலியோடு சேர்ந்து பாடுவாள், கணவரின் சட்டைப் பொத்தான் மாறியிருக்கிறது என்று குறை சொல்வாள். வெயில் தலைக்கு மேல் ஏறியதும் முதலில் கழுத்து தொங்கும், பிறகு தோள், கடைசியில் சமையலறை மேசைமேல் மொத்தமாகச் சாய்ந்துவிடுவாள். வெயில் தாழ்ந்ததும் ஒன்றுமே நடக்காதவள்போல நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து குறையைத் தொடர்வாள். மருத்துவர் ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தாள், குடித்துவிட்டு வாடினாள். அக்கம்பக்கத்தார் முதலில் பதறினார்கள், பிறகு அவளிடம் பேச வேண்டியதைக் காலையிலேயே வந்து பேசிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பசுமைக்குடிலில் தக்காளிச் செடிகளும் அதே நேரத்தில்தான் வாடுகின்றன என்று தக்காளிக்காரருக்கு உறைக்கச் சில வாரம் ஆயிற்று. ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. வேளாண் ஆய்வுக்கூடத்துப் பெண் பார்த்துவிட்டு, நூற்புழு வேருக்குள் குடியேறித் தண்ணீரை மறிக்கிறது என்றாள். "சாயங்காலம் நிமிர்ற வரைக்கும் பயமில்லைங்க. ஒரு நாள் நிமிராது. அப்புறம் நிமிரவே நிமிராது." அவள் செடியைப் பற்றித்தான் சொன்னாள். அவர் வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு ஓடினார்.

பூச்சிமருந்துக் கடை வைத்திருந்த மச்சினன் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஒரே ஊத்து மச்சான். மண்ணுல ஒண்ணும் மிஞ்சாது." மிஞ்சாது என்பதுதான் அவருக்குப் பயம். சில ஆண்டுகளுக்கு முன் அதை ஊற்றியபோது மண்புழுகூட மிஞ்சவில்லை. அந்தப் பருவம் முழுக்க மனைவி சிரிக்கவில்லை, குறைகூடச் சொல்லவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்த காரணம் அப்போது புரியவில்லை. மண்ணுக்கு முதலில் திரும்பி வந்ததும் அதே நூற்புழுதான்.

எனவே ஆய்வுக்கூடத்துப் பெண் கொடுத்த பொட்டலத்தை வாங்கி வந்தார். நூற்புழுவின் முட்டைகளைத் தின்னும் பூஞ்சை அது. மட்கிய எருவில் கலந்து, நிழலில் வைத்து, ஈரச் சாக்கு போர்த்தி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டமான அறை அதற்கு, புழுக்கமான அறை இவர்களுக்கு. வீட்டோடு மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. எரு வெள்ளையாகப் பூத்ததும் செடிகளின் அடியில் இட்டார். மனைவியும் கொஞ்சம் தாமதமாக வாட ஆரம்பித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி பிசகியது. இலைகளில் கரும்புள்ளி தெரிந்ததும், வருஷாவருஷம் செய்கிற பழக்கத்தில், பூஞ்சைக்கொல்லியைக் கலக்கி வேர்வரை நனைய ஊற்றிவிட்டார். அன்று வெயில் தாழ்ந்தது, மனைவி நிமிரவில்லை. விளக்கு ஏற்றினார்; நிமிரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானை எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து அவள் கன்னத்தை மேசையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "ஏங்க, பூஞ்சையைக் கொல்ற மருந்தைப் பூஞ்சை மேலயேவா ஊத்துவாங்க? மாப்பிள்ளைய வீட்டுல வச்சிட்டு, சோத்துல விஷத்தைப் போட்டுட்டீங்களே." அந்தத் திட்டைக் கேட்டு அவர் சின்னப் பிள்ளைபோல அழுதார்.

மறுநாள் இன்னொரு பொட்டலம் வாங்கினார். மிச்சமிருந்த பூஞ்சைக்கொல்லியை மச்சினனிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஒரு மூட்டை எரு அனுப்பிவைத்தான். புள்ளி விழுந்த இலைகளை அதன்பிறகு கையால்தான் கிள்ளினார். ஆண்டுகள் போயின. பூஞ்சை மண்ணில் நிலையாகத் தங்கிவிட்டது. நூற்புழு அடியோடு ஒழியவில்லை, ஆனால் அடங்கிக் கிடந்தது. காய்ப்பு நன்றாக இருந்தது. அவளும் உச்சிவேளையில் ஒரு தேநீர் ஆறுகிற நேரம் மட்டும் வாடினாள். அந்த நேரத்துக்கு அவர் குடிலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். தலை மேசைக்குப் போகாமல் அவர் தோளுக்கு வரும்.

ஒரு பருவத்தில், பிடுங்கிய எந்த வேரிலும் முடிச்சே இல்லை. அன்று உச்சிவேளையில் அவர் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று குடில் வாசலிலேயே தயங்கினார். கடைசியில் போனார். மனைவி இரண்டு நாற்காலிகளையும் நெருக்கிப் போட்டுவிட்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போயிட்டீங்க? வாடற நேரமாச்சே," என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். அவர் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.