பதினெட்டாவது முடிவு

தான் கட்டாத மெட்டை அறுநூறு பேர் ஒரே குரலில் தனக்கே பாடிக் காட்டினார்கள் என்று பாட்டுக்காரர் சொல்லும்போது நம்புவதற்கு ஆள் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான். அவருடைய தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளையோ நம்பவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். “கோவில்ல உக்கார இடமே முந்நூத்தம்பது பேருக்கு. மிச்சப் பேரு தூணுக்குள்ள நின்னாங்களா மச்சான்?” என்பது அவர் கேள்வி. பாட்டுக்காரர் அசரவில்லை. முதல் வாரம் அவரும் நானூறு என்றுதான் சொன்னார். பெரிய காரியங்களின் அளவு நாள்பட்டுத்தானே பிடிபடும்.

பாட்டுக்காரர் முப்பத்தெட்டு வருடம் பகலில் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்தார். மாலையில் மாதா கோவில் திருப்பலிக்குப் பாட்டுக் கட்டினார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் இரண்டாம் முறை பாடப்பட்டவை ஒன்பது. ஏனென்றால் அவர் மெட்டில் ஏறத் தொடங்கிய மக்கள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். மேலே போய்ச் சேர்வது பாடகர் குழு மட்டும்தான். அவருடைய ‘தூயவர்’ பாட்டு ஒன்று தொடங்கியபோது பங்குத்தந்தைக்குத் தலை கறுப்பாக இருந்தது, முடிந்தபோது நரைத்திருந்தது என்று பேச்சு. பாட்டுக்காரரே அதை மறுத்ததில்லை. காதோரம் மட்டும்தான் நரைத்தது என்று திருத்துவார், அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால்தான் மாப்பிள்ளை ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்தார். அவர் வானொலிப் பெட்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கோவிலின் மைக், ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. கோவிலைப் புதுப்பித்த சமயத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வாங்கினார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ தேன் குழைத்துப் பாடிய திருப்பலிப் பாட்டு முழுக்கக் கேட்கும். தும்மல் கிடையாது, சுருதி விலகல் கிடையாது, ஒத்திகைக்குக் காபியும் கிடையாது. பங்குத்தந்தை யோசித்தார். பிறகு பாட்டுக்காரரைக் கூப்பிட்டு, குரலில் சர்க்கரை போட்டுப் பேசினார். கோவில் திறக்கும் ஞாயிறன்று பதிலுரைப் பாடல் உங்களுடையது. விவிலியத்தின் முதல் வாசகத்தைப் படித்து முடித்ததும் குழு பல்லவியைப் பாடட்டும். மக்கள் அதைத் திருப்பிப் பாடினால் இனியும் உங்கள் பாட்டுத்தான். பாடாவிட்டால் அந்த இடத்திலேயே பச்சைப் பொத்தான். அப்புறம் எப்போதுமே பச்சைப் பொத்தான்.

பாட்டுக்காரர் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டும் அதற்குள் இருந்தன. அதைப் பார்த்தபடியே, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, எளிமையான ஒரு மெட்டைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

பல்லவியின் முதல் மூன்று அடிகள் மூன்றே நாளில் வந்துவிட்டன. நான்காவது அடி நான்கு மாதமாக வரவில்லை. சங்கதி என்னவென்றால், பதிலுரைப் பாடலின் சொற்கள் விவிலியத்துடையவை. ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மெட்டு வீடு வந்து சேர்வதற்குள் சொல் தீர்ந்துபோனது. அவர் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று அடிகளைப் பாடுவார், நிறுத்துவார், தலையைச் சொறிவார், மறுபடி முதலிலிருந்து பாடுவார். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை என்பது அவர் கணக்கு. மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டே காய் நறுக்கினார்.

ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு தையல் கடை. கோவில் திறப்புக்காக ஊரே புது உடைக்கு அங்கேதான் அளவு கொடுத்தது. தையல்காரம்மா ஒரு நாள் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். “அண்ணே, ஒண்ணு முடிங்க, இல்ல ஆரம்பிக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு நூலு அறுந்து போற மாதிரி இருக்கு.”

முடிந்துவிட்டது, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று பாட்டுக்காரர் சொன்னார். உண்மையில் முடிவுகள் அதிகமாகிப் போனதுதான் தொல்லை. பதினைந்தாவது முடிவைக் குழு மனப்பாடம் செய்த அன்று அவர் பதினாறாவதைக் கொண்டுவந்தார். திறப்பு நாள் காலையில், அங்கிகளைப் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பதினேழாவதை நீட்டினார். நகல் எடுத்த தாள்கள் பாதிப் பேருக்குத்தான் எட்டின. மீதிப் பேர் கையில் பதினாறே இருந்தது. பரபரப்பில் இதை அவரும் கவனிக்கவில்லை, குழுவும் கவனிக்கவில்லை.

கோவில் நிரம்பி வழிந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை, புதுத் துணி வாசனை. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த ஒலி அறையில் மாப்பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டி, பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலைத் தயாராக வைத்திருந்தார். முதல் வாசகம் முடிந்தது. பாட்டுக்காரர் கையை உயர்த்தினார். அந்தக் கை உயர்ந்த வேகத்தில் மெழுகுவர்த்திகள் ஆடின.

குழு முதல் அடியைப் பாடியது. இரண்டாவது, மூன்றாவது அடிகளும் நன்றாகவே போயின. நான்காவது அடியில் பதினாறும் பதினேழும் நடுத்தெருவில் இரண்டு மாட்டு வண்டிகள்போல முட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்தில் பயந்துபோய்க் குழுவில் எல்லாரும் ஒன்றாக வாயை மூடினார்கள். பாட்டுக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. அவருக்குத் தகரப் பெட்டிதான் கண்ணில் தெரிந்தது. முப்பத்தெட்டு வருடமும் அந்த ஒரு நிமிடத்தில் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்த்தார்.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த நான்காவது அடி வந்தது.

அது பதினாறும் இல்லை, பதினேழும் இல்லை. சொல் தீர்ந்துபோகிற இடத்துக்கு முன்னால், நடுச் சொல் ஒன்றைப் பிடித்து நீளமாக இழுத்து, ஒரு வளைவு வளைத்து, நேராக வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. வரிசை வரிசையாக மக்கள் பாடினார்கள். புத்தகம் இல்லை, தாள் இல்லை, ஒரு தயக்கமும் இல்லை. பாட்டுக்காரர் மெதுவாகத் திரும்பினார். கோவில் முழுக்க வாய் திறந்திருந்தது, கொட்டாவிக்காக அல்ல. அவர் கையை இறக்க மறந்து, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து வந்த ஒவ்வொரு பல்லவியையும் குழு மக்களிடம் கேட்டுத்தான் பாடியது.

திருப்பலி முடிந்ததும் பாட்டுக்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவராக மடக்கினார். யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவர் பக்கத்து வீட்டில் கேட்டேன் என்றார். பக்கத்து வீட்டார் அலுவலகத்தில் யாரோ முணுமுணுத்தார்கள் என்றார். பிடித்த நூலை விடாமல் இழுத்துக்கொண்டே போனதில் அது தையல் இயந்திரத்தில் போய் நின்றது.

“நாலு மாசமா மூணு அடியோட விட்டீங்கண்ணே,” என்றார் தையல்காரம்மா. “கால் மிதிக்குது, பாட்டு நிக்குது, எப்படித் தைக்கிறது? சொல்லுதான் பைபிள்ல இருக்கே, பொறுக்க முடியாம நானே முடிச்சுக்கிட்டேன். அளவு கொடுக்க வந்தவங்க எல்லாம் கேட்டுக்கிட்டே போனாங்க. தப்பா?”

தப்பா என்று கேட்டவரின் கையைப் பாட்டுக்காரர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அதே பாட்டுத்தான் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார்; அவருடைய காதோரம் மறுபடி கறுத்ததாகவும் கேள்வி. பச்சைப் பொத்தானைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாப்பிள்ளை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குழுதான் பாடியது, சுவர் எதிரொலித்தது, மச்சானுக்கு வயதாகிவிட்டது என்று போகிற இடமெல்லாம் சொன்னார். வாரங்கள் போயின. பாட்டுக்காரரின் எண்ணிக்கை அறுநூறைத் தொட்டது.

ஆனால் பாட்டுக்காரருக்கு வேறொரு சங்கடம் இருந்தது. மறைமாவட்டத்தின் எல்லாக் கோவில்களுக்குமான பாட்டுப் புத்தகத்துக்கு அந்த மெட்டைச் சுரம் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவருடைய பாட்டு ஒன்று புத்தகம் ஏறுவது அதுதான் முதல் முறை. அன்று கேட்ட அந்த வளைவோ தாளில் பிடிபடவில்லை. தையல்காரம்மாவைப் பாடச் சொன்னால், துணியின் கனத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. அனுப்ப இரண்டு நாளே இருந்தபோது அவர் தாளைக் கிழித்துக் கிழித்து முழங்கால் உயரத்துக்குக் குவித்திருந்தார்.

அன்று மதியம் மாப்பிள்ளை வந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி, உள்ளங்கைப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

“அன்னிக்கு அவசரத்துல பச்சைக்குப் பதிலா சிவப்பை அமுக்கிட்டேன்,” என்றார். “சிவப்பு பதிவு பண்றது.”

பெட்டி பாடியது. கொஞ்சம் கரகரப்பு, யாரோ இருமிய சத்தம். அதன் பிறகு அந்த நான்காவது அடி, வளைவும் நெளிவும் அப்படியே. பாட்டுக்காரர் பென்சிலை எடுத்தார். நான்கு மாதம் வராத அடி நான்கு நொடியில் தாளில் இறங்கியது. மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல மூச்சு விட்டார்.

காபியோடு வந்த மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அத்தனை குரலுக்கும் மேலே, மைக்குக்குள் தலையை விட்டதுபோல, ஒரு குரல் சுருதியைப் பற்றிக் கவலையே படாமல் முழங்கிக்கொண்டிருந்தது.

“இது யாரு தம்பி, இப்படிக் கத்துறது?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

மாப்பிள்ளை காபியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவர் மனைவியும் அந்தத் தையல் கடையில்தான் அளவு கொடுத்திருந்தார். ஒரு மாதம் சமையலறையில் அந்த அடியைப் பாடாத நாளில்லை.

“நான்தான்க்கா,” என்றார். “வாய் தானா திறந்துடுச்சு.” பிறகு பாட்டுக்காரரிடம், “சரி மச்சான். நடந்தது. ஆனா அறுநூறு இல்ல, முந்நூத்தம்பது.”

“உங்களையும் சேர்த்தா மாப்ளே?”

“என்னைச் சேர்த்தா முந்நூத்தம்பத்தொண்ணு.”