நகர்ந்து வரும் நாற்காலி

மேஜையில் குவிந்து கிடந்த குட்டிப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் என் அறை இருந்தது.

யாரோ ஒருவருடைய அறை இல்லை. என்னுடையதேதான். கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படியே வரைந்திருந்தது. கூரையில் வாத்து போல ஒரு நீர்க்கறை. ஒரு கம்பி மட்டும் வளைந்த ஜன்னல். எதிர்ச் சுவரோரம் மர நாற்காலி.

அந்த அறையில் நானும் தங்கையும் மட்டும்தான் இருக்கிறோம். இந்த வகுப்பிலிருந்து ஒருவரும் அங்கே வந்ததில்லை.

ஓர் அச்சகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பு இது. ஒரே தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் சின்னப் புத்தகம் வந்துவிடும். அதற்கு ஜீன் என்று பெயர். நான் சேர்ந்த அன்று தங்கை, "பேன்ட் தைக்கப் போறியாக்கா?" என்று கேட்டாள். நாங்களே எழுதி, வரைந்து, பெயர் போடாமல் மேஜையில் வைப்போம். யாரும் எடுத்துப் பார்க்கலாம். சொல்லித் தருகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: தாளின் உட்பக்கம் செய்தவருக்குச் சொந்தம். வாய்விட்டுச் சொல்ல முடியாததை அங்கே வைத்து மடித்துவிடலாம். அனுமதி இல்லாமல் மற்றவர் பிரிக்கக் கூடாது.

அடுத்த பக்கம் புரட்டினேன். அதே அறை. நாற்காலி மட்டும் சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசிப் பக்கத்தில் அதன் கால் கட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தங்கை கல்லூரி முடிந்து வந்து மதியத்தில் தூங்குவாள். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வேலை முடிந்து திரும்பும்போது சில நாள் நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடக்கும்.

"இதை ஏன்டி நடுவுல இழுத்துப் போடற?"

"நான் எங்க போட்டேன்? செத்த பொணமாத் தூங்கினேன். நாற்காலிக்கே கால் வந்திருக்கும்."

இருவரும் சிரித்துவிட்டு அதைச் சுவரோரம் தள்ளுவோம்.

"நல்லா இருக்குல்ல?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்புக்கு வரும் ரிட்டயர்டு தபால்காரர். "நான் செஞ்சதுன்னு சொல்லிக்க ஆசைதான். எனக்கு நேர்கோடே கோணலாத்தான் வரும்."

அவரையே உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிறாரோ? பசை தடவிக்கொண்டிருந்த ஒவ்வொரு கையும் என் பூட்டைத் திறந்த கையாகத் தெரிந்தது.

"இதை யார் வரைஞ்சது?"

"அதைக் கேட்கக் கூடாதும்மா," என்றார் கத்திரி.

"சார், இது என் ரூம்."

மூலையில் உட்கார்ந்திருந்த, எங்களோடு வகுப்புக்கு வரும் நர்ஸ் பசை பாட்டிலை மெல்லக் கீழே வைத்தாள்.

"பச்சை கேட்டு வீடா? மாடியா?"

"ஆமா."

"வாத்து இன்னும் இருக்கா?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க அங்க குடியிருந்தீங்களா? ஐயோ சிஸ்டர், கொஞ்ச நேரத்துல கொன்னுட்டீங்க."

அவள் சிரிக்கவில்லை. "அந்த நாற்காலி?"

"இருக்கு. ஹவுஸ் ஓனரோடது."

"உள்பக்கத்தைப் பிரிங்க. நான்தான் சொல்றேனே, பிரிங்க."

மடிப்புகளை விரித்தேன். தாள் முழுக்க ஒரே படம். நாற்காலியில் ஓர் ஆள், முழங்கால்களைச் சேர்த்து வைத்து, மடியில் சாவியோடு, நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. அது ஹவுஸ் ஓனரின் கண்ணாடி; போன வாரம்தான் கடையில் என் கையால் அதற்குத் திருகு மாற்றிக் கொடுத்திருந்தேன்.

"எனக்கு நைட் டியூட்டி. பகல்ல தூங்குவேன்," என்றாள் நர்ஸ். "ஒருநாள் கண்ணு முழிச்சா, இப்படி உக்காந்திருக்கார். நான் அலறினதும், குழாய் பாக்க வந்தேம்மான்னு எழுந்து போயிட்டார். யார்கிட்ட சொல்றது? ஊருக்கே பெரிய மனுஷன். பெட்டியைக் கட்டிட்டு வந்துட்டேன்."

குழாய்.

இன்று காலை கேட்டருகே அவர் என்னை நிறுத்தியிருந்தார். குழாய் சொட்டுகிறதாமே, வந்து பார்க்கிறேன் என்றார். "தங்கச்சி காய்ச்சல்ல படுத்திருக்கா அங்கிள். மாத்திரை போட்டுத் தூங்கறா. மெதுவாத் தட்டுங்க," என்று சொன்னது என் வாய்தான்.

தங்கைக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து அடங்கியது.

"ஓடுங்க. நான் போலீசுக்குச் சொல்றேன்," என்றார் கத்திரி.

ஓடினேன். செருப்பு மாட்டவில்லை என்பதே தெருவில் கல் குத்தியபோதுதான் தெரிந்தது. பின்னால் நர்ஸும் ஓடி வந்தாள். எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. பிறகு எனக்கு முன்னால் ஏறினாள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினேன்.

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலை ஒட்டி நாற்காலி. அதில் அவர்.

என்னைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். "உஷ். தூங்குது."

அவர் நிதானமாக எழுந்தார். "குழாய் பாக்க வந்தேம்மா."

"இன்னும் பாத்து முடியலையா அங்கிள்?" என்றாள் நர்ஸ், எனக்குப் பின்னாலிருந்து.

அவர் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். வாசலை நோக்கி நடந்தார். நர்ஸ் நகரவில்லை. கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கீழே ஜீப் வந்து நிற்கும்வரை அப்படியே நின்றாள்.

நான் கட்டிலுக்கு ஓடித் தங்கையை உலுக்கினேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்ணைத் திறந்து, "என்னக்கா, வகுப்பு முடிஞ்சிருச்சா?" என்றாள். அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

போலீஸ்காரர்களிடமும் அவர் குழாய்க் கதையைத்தான் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் அதை நம்பித் தலையாட்டக்கூடத் தொடங்கினார். நர்ஸ் குறுக்கிட்டாள். தனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். தலையாட்டல் நின்றது. அவரை அழைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

துணிகளைப் பையில் திணித்தேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. அங்கே இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள் நர்ஸ், தங்கையின் நெற்றியில் கை வைத்தபடி. "சின்ன இடம்தான். கதவுக்கு உள்பக்கம் மூணு தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

"மூணா?"

"முதல்ல ஒண்ணுதான் போட்டேன். தூக்கம் வரல." தங்கையின் தோளில் போர்வையைச் சுற்றிவிட்டாள். "மூணு போட்ட பிறகும் வரலதான். இன்னிக்கு நாம மூணு பேர் இருப்போம்ல, பாப்போம்."