அத்தானின் ஏஜென்ட்

அக்காவைக் கட்டிய என் அத்தானுக்கு நிரல் எழுதத் தெரியாது. மற்றவர்கள் எழுதியதை இறக்கிக்கொண்டு, தானே பெற்ற பிள்ளை போலக் கொண்டாடத் தெரியும். யார் யாரோ கூடி எழுதி, இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருந்த ஏஜென்ட் மென்பொருள் ஒன்றை அப்படித்தான் வீட்டுக்குப் பிடித்து வந்தார். மின்னஞ்சலைப் படித்துப் பதில் போடும், நாள் குறிக்கும், ஆளே தேவையில்லை என்று சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் செய்தார். அக்காவின் மின்னஞ்சலையும் அவளைக் கேட்காமலே அதில் இணைத்துவிட்டார்.

அக்காவுக்கு ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பெரிய மருத்துவமனையின் ஆய்வகப் பொறுப்பாளர் பதவிக்கு விண்ணப்பித்துவிட்டு, பதில் வராமல் வாடிக் கிடந்தாள். கடைசியில் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து அவளே கேட்டாள். நேர்காணலுக்கு அழைத்ததாகவும், அன்று வீட்டில் முக்கிய வேலை என்று அவளே மறுத்து எழுதியதாகவும் சொன்னார்கள்.

அவள் பெயரில் ஏஜென்ட் எழுதிய அந்த முக்கிய வேலை, அத்தான் பல் மருத்துவரிடம் போய்ப் பல் சுத்தம் செய்துகொள்வது. இருவர் வேலையும் ஒரே நேரத்தில் வந்தால் தன்னுடையதற்கே முதலிடம் என்று ஏஜென்டுக்குச் சொல்லிவைத்திருந்தார் மகராசன்.

மன்னிப்பா கேட்டார்? மென்பொருளில் கோளாறு என்று அதன் பொதுப் பக்கத்தில் புகார் எழுதினார். அதை உருவாக்கியவர்களில் ஒரு பெண் பணிவாகப் பதில் போட்டாள்: அனுப்புமுன் உரியவரைக் கேட்கும்படி அமைத்துத்தான் தருகிறோம், உங்களிடம் அது அணைக்கப்பட்டிருக்கிறது.

"ஓசியில குடுக்கறவங்களுக்கு எவ்வளவு திமிரு பாரு" என்று அத்தான் என்னிடம் நியாயம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா பேசினாள். குரல் உயரவே இல்லை.

"என்னைக் கேக்கணும்னு முகம் தெரியாத அந்தப் பொண்ணுக்குத் தோணிருக்கு. கூடவே இருக்கற உங்களுக்குத் தோணலையே."

மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முன்பு அவளே தந்ததுதானே என்று அவர் ஏதோ முணுமுணுத்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை நேரே மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பொறுப்பாளர் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. ஆனால் பேசிப் பார்த்ததில் பிடித்துப்போய், உதவிப் பொறுப்பாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். போன மாதம் மேலே இருந்தவர் விலக, அந்த நாற்காலியும் அவளுக்கு வந்தது.

சென்ற வாரம் ஒரு மன்றத்தில் அத்தான் பேசினார். தன் ஏஜென்ட் வீட்டுச் சுமையைக் குறைத்ததால்தான் மனைவி இவ்வளவு உயர்ந்தாள் என்றார். கூட்டம் கைதட்டியது. அக்கா அங்கே வரவில்லை. அவளுக்கு ஆய்வகத்தில் வேலை இருந்தது.