ரேவதி பெயரில் ஒரு கம்பைலர்

ஆயுத பூஜையன்று விடிந்ததும் முதல் வேலையாகக் கம்பைலரை அடுப்பில் ஏற்றினேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரிகிற மொழிக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர். அதைக் கையால் கட்டி நிறுவுவது, பழைய அரிசியை உலையில் போட்டுவிட்டுக் காத்திருப்பது மாதிரி. கணினியும் பழசு என்றால் பொழுது சாயும் வரை வேகும்.

எங்கள் வீட்டுக் கணினி பழசு மட்டுமில்லை, என்னுடையதும் இல்லை. என் கணவர் பாஸ்கரனின் முதல் மனைவி ரேவதி வாங்கி, லினக்ஸ் போட்டு, ஆண்டது. ரேவதி இறந்த பிறகும் வாரா வாரம் அதைத் துடைத்து, உறை போட்டு மூடி வைத்திருந்தார் மனுஷன். நான் தை மாதம் கல்யாணமாகி, கோயம்புத்தூர் வேலையை விட்டு, கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன நிறுவனம் இப்போது எனக்கு ஒரு நிரல் எழுதக் கொடுத்திருந்தது. விஜயதசமி காலைக்குள் அனுப்பினால் வேலை கிடைக்கலாம். எழுதி முடித்துவிட்டேன். ஓட்டிப் பார்க்கத்தான் ரேவதியின் பழைய கம்பைலர் போதவில்லை, புதியது வேண்டும். எனக்கு அந்த வேலை ரொம்பவே வேண்டும். பாஸ்கரன் சம்சாரம் என்பது போக, இந்த ஊரில் எனக்கென்று ஒரு பெயர் வேண்டும்.

கணினி தானாகவே ரேவதி பெயரில் திறந்துகொள்ளும்; புதிதாக ஒன்றை நிறுவத்தான் கடவுச்சொல் கேட்கும். அது தெரிந்தால் ஒரே வரியில் முடிகிற காரியம். "அது அவளுக்குத்தான் தெரியும்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார் பாஸ்கரன்.

அதனால் சுற்றுவழியில் போனேன். கடவுச்சொல் கேட்காத ஒரே இடம் ரேவதியின் சொந்தக் கோப்புறை. அதற்குள் ஒரு மூலையில் எனக்கென்று ஒரு கோப்புறை போட்டு, கம்பைலரின் மூல நிரலை இறக்கி, 'மேக்', அதாவது 'கட்டு', என்று கட்டளை கொடுத்தேன். வரிகள் ஓடத் தொடங்கின. அந்தத் திரையில் நான் எதைத் தட்டினாலும் வரி 'ரேவதி' என்றுதான் தொடங்கும். பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

பாஸ்கரன் குளித்து, நெற்றியில் விபூதியோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்பேனர், அரிவாள்மனை, ஸ்கூட்டர், கிரைண்டர் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்து கணினி முன்னால் நின்றார்.

"இன்னா கஸ்தூரி, இன்னிக்குமா இது ஓடிகினு கீது?"

"நான் தொடலீங்க. காலைலயே சொல்லி உட்டுட்டேன். அதுவா ஓடுது."

"ஆயுத பூஜைக்கு மிசினை ஓய்வா உடணும்மா. ஃபாக்டரில லேத்து பக்கம் கூடப் போமாட்டோம்."

"லேத்து வேற, இது வேறங்க. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் ஓடுகிற கணினிக்கே பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் படுத்தேன். வாசலில் யாரோ உடைத்த பூசணிக்காயின் வாசம், அண்ணனூர் பக்கம் ரயிலின் கூவல், தலைக்கு மேல் கணினி விசிறியின் முனகல். வரிகள் மேலே ஏறி ஏறி மறைந்தன. பழைய கம்பைலர் ஒரு புதியதைக் கட்டும். அந்தப் புதியது தன்னையே இன்னொரு முறை கட்டிப் பார்க்கும். யார் யாரைக் கட்டுகிறார்கள் என்று யோசித்தபடியே கண் சொருகியது. நாற்காலியில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஈரத் தலை. எனக்குப் பயமில்லை. "முடிஞ்சிருமா அக்கா?" என்று கேட்டேன். அவள் திரும்பாமல், இரு என்பதுபோலக் கையைக் காட்டினாள். அந்த அறையில் வெயில் மஞ்சளாகத் தண்ணீர் போல நின்றது. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

சத்தம் நின்றதால்தான் விழித்தேன். விசிறி முனகவில்லை. திரை கறுத்திருந்தது. சுவிட்சுப் பலகையின் பக்கத்தில் பாஸ்கரன்.

"பாவம், காத்தாலருந்து ஓடுது. ஒரு நாளாவது ஓய்வெடுக்கட்டும்னுதான்..."

"அது பாவமுங்களா? அப்ப நான்?" எனக்கு வந்த கோபத்தில் குரல் உடைந்தது. "அவங்க மிசினுக்கு ஓய்வு கொடுத்தீங்க. நாளைக்கு என் வேலை போச்சுன்னா நான் யாருங்க இந்த வீட்டுல? மிசினத் தொடைக்கற துணி கூட அவங்க துணிதான்!" அழுகையை அடக்க முடியவில்லை. அடக்கவும் விரும்பவில்லை.

அவர் சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார்.

"மொதல்லேருந்தா?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு 'மேக்' என்று தட்டினேன். வரிகள் விட்ட இடத்திலிருந்து கிளம்பின. போன உயிர் திரும்பியது. "இல்லீங்க. முடிச்சத மறுக்காச் செய்யாது."

அவர் போகவில்லை. பொரிகடலைத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். வரிகளைப் பார்த்துக்கொண்டே, "புதுசை யாரு கட்டுறது?" என்றார்.

"பழசுதாங்க. அவங்க போட்டு வெச்சதுதான் கட்டுது. அது இல்லீன்னா இது பொறக்காது."

அவர் கையில் எடுத்த பொரி வாய்க்குப் போக நேரமானது.

வேப்பமரத்து நிழல் சுவரேறும் நேரத்தில் கட்டி முடிந்தது. ஆவலோடு கம்பைலரைக் கூப்பிட்டால், பதில் சொன்னது பழசு.

"இன்னா, பழசே வருது?"

"சிஸ்டம் அதைத்தான் மொதல்ல தேடுதுங்க."

"அப்ப... அத்தத் தூக்கிடணுமா?"

அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. தை மாதத்திலிருந்து மனுஷன் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தூக்கவே கூடாதுங்க. தூக்குனா பாதி சிஸ்டம் படுத்துக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டும். புதுசை மொதல்ல பாருன்னு சொன்னாப் போதும்."

ஒரு வரி சேர்த்தேன். புதியது பதில் சொன்னது. என் நிரல் ஒரு திக்கலும் இல்லாமல் ஓடியது. அம்பத்தூருக்கு அனுப்பிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கஸ்தூரி" என்றார். "பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரில இருக்கசொல்ல அவதான் எங்கிட்ட சொன்னா."

"நாள் முழுக்க என்னைய வேக வெச்சுட்டு இப்பச் சொல்றீங்க!"

"நீ அல்லாத்தையும் அழிச்சிடுவன்னு நென்ச்சேன்."

பொரித் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சாமிக்குப் படைத்ததாயிற்றே என்று விட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுல உனக்குன்னு ஒரு பேரு போட முடியுமா?"

அதற்கான கட்டளையை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். லேத்து ஓட்டிக் காய்த்த ஒற்றை விரலால் அவர் தேடித் தேடித் தட்டினார். ரேவதியின் கடவுச்சொல்லையும் அவரே போட்டார். நான் பார்க்கவில்லை. திரை ஒரு நொடி யோசித்துவிட்டு, புதியவருக்குக் கடவுச்சொல் என்ன என்று கேட்டது.

அவர் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார். போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"நீ போடு. எனக்குத் தெரிய வாணாம்."

போட்டேன். உள்ளே நுழைந்தேன். வரி 'கஸ்தூரி' என்று தொடங்கி, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது. நான் ஒன்றும் தட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பட்டுமா?" என்று கேட்டார், சுவரைப் பார்த்தபடியே.